நரி பரியான கதையும் மாமாவின் ஜீப்பும்

மதுரையின் முதல் இன்ஜின் மாற்றம் ஓர் ஆவணி மூலத்தன்று நடந்தது. அரசாங்கப் பணம், ரசீது கிடையாது, வேலையைச் செய்தவர் சாட்சாத் சொக்கநாதர்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவரச் சொல்லிக் கஜானாவைத் திறந்து, மந்திரி திருவாதவூராரை அனுப்பினான். மந்திரி திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார், மனம் உருகினார், பணம் முழுக்கக் கோயிலுக்குப் போயிற்று. குதிரை எங்கே என்று ஓலை வந்தபோது, "ஆவணி மூலத்தில் வரும்" என்று பதில் போனது. இன்றைக்கும் மதுரையில் எந்தப் பட்டறையில் வண்டியை விட்டாலும் இதே பாணியில்தான் பதில் வரும்: "வெள்ளிக்கிழமை வந்துருங்கண்ணே." எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆனால் ஆவணி மூலத்தில் குதிரை வந்துவிட்டது. காட்டு நரிகளையெல்லாம் பிடித்துப் பரிகளாக்கி, குதிரை வியாபாரி வேடத்தில் சிவனே ஓட்டிவந்தார். கயிறு மாற்றிக் கொடுத்தாயிற்று. அதாவது, நேற்றுவரை என் குதிரை, இனி உன் குதிரை, நாளைக்கு எது ஆனாலும் என்னிடம் வரக் கூடாது. பழைய வண்டிச் சந்தையில் இன்றும் இதே ஷரத்துதான். அன்று இரவே பரிகள் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின. பழி மந்திரி மேல் விழுந்தது. வைகை மணலில் வெயிலில் நிறுத்தினார்கள்.

மேலே பரி, உள்ளே நரி. மதுரையைச் சுற்றி ஓடுகிற பழைய ஜீப்புகளில் பலவற்றின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

புராணம் வேண்டாம், சரித்திரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மார்க்கோ போலோ இருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்துபோன அந்த வெனிஸ்காரர், இங்கே குதிரை வளர்வதில்லை, அரசன் வருடத்துக்கு 2,000-க்கு மேல் குதிரைகளைக் கடல் தாண்டி வரவழைக்கிறான், வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். காரணத்தையும் சொல்கிறார்: குதிரைக்கு இவர்கள் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. குதிரை விற்கிற வியாபாரிகளோ, குதிரை வைத்தியம் தெரிந்த ஆளை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்?

ஆக, இந்த மண்ணில் குதிரைத்திறனை இறக்குமதி செய்வது ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. லாடக்காரன்தான் கிடைத்ததில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா வைத்துக்கொள்ளவில்லை.

மாமாவின் ஜீப்புக்கு வருமுன் ஒரு பஸ்ஸைத் தாண்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரியை எரித்து அந்தப் புகையில் பஸ் ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' தயாரித்தார். பஸ்ஸோடு ஒரு இரும்புக் கொப்பரை, அதற்குள் அடுப்புக்கரி, காற்றைக் குறைத்துவிட்டு எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடு குழாய் வழியே இன்ஜினுக்குள் போகும். காலையில் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து ஊதி உசுப்ப வேண்டும். பெட்ரோலில் இருந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது காணாமல் போகும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஆனாலும் பஸ் ஓடியது. பாண்டியன் செய்யாததை அய்யங்கார் செய்தார்: குதிரையோடு லாடக்காரனையும் வீட்டிலேயே வைத்திருந்தார்.

இனி ஜீப். அந்த ஜந்துவே இன்ஜின் புண்ணியத்தில் பிழைத்ததுதான். 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி கேட்டது. பேன்டம் என்ற நோஞ்சான் கம்பெனி முதலில் செய்து காட்டியது. ராணுவம் நன்றி சொல்லிவிட்டு, அந்த வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. பரீட்சையில் முதல் பெஞ்சுக்காரன் தாளைப் பின் பெஞ்சுக்கு வாத்தியாரே கொடுத்த மாதிரி. வில்லிஸ் முந்தியதற்கு முக்கியக் காரணம் அதன் 60 குதிரை இன்ஜின். 'கோ டெவில்' என்று பெயர். பின்னாளில் அதே இன்ஜினுக்கு மேல் வால்வு வைத்து 'ஹரிகேன்' ஆக்கினார்கள். சக்தி கூடியது, உயரமும் கூடிவிட்டது. பானெட் மூடவில்லை.

அமெரிக்காவில் பெரிய பெரிய எஞ்சினியர்கள் உட்கார்ந்து யோசித்து என்ன செய்தார்கள் தெரியுமா? நம்மூர் டிங்கர் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பதைத்தான் செய்தார்கள். பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். 1953-இல் வந்த சி.ஜே.-3பி ஜீப்பின் அந்த உயர்ந்த நெற்றிக்கு இதுதான் காரணம். மஹிந்திரா பல பத்தாண்டுகள் இங்கே செய்துதள்ளியது இந்தத் தூக்கிக்கட்டிய பானெட் ஜீப்பைத்தான். இந்தியன் ஜீப் என்றதும் நம் கண்ணில் வரும் முகமே ஓர் இன்ஜின் மாற்றத்தின் தழும்பு.

மஹிந்திரா கம்பெனியே அப்படித்தான். 1945-இல் அது 'மஹிந்திரா அண்டு முகமது'. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே 1948-இல் கம்பெனி 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆகிவிட்டது. எம் அண்டு எம் என்று அடித்துவைத்த காகிதங்கள் வீணாகக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, வெளியே எழுத்து மாறாமல் உள்ளே ஆளை மாற்றியது பட்டறைக்காரர்கள் மெச்ச வேண்டிய வேலை.

எங்கள் தாத்தா வாங்கியது 1964 மாடல். பெட்ரோல். செக்கானூரணிப் பக்கம் தோட்டம், போடிக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய். இரண்டுக்கும் நடுவே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி என்று ஜீப் அலைந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கின. பெட்ரோல் விலை ஏறியதும் தாத்தா ஒரு மாதம் ஜீப்பைத் தொடவில்லை. அடுத்த மாதம் அதன் நெஞ்சைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனது டிராக்டர் இன்ஜின். 1963-இல் மஹிந்திரா இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து இங்கே டிராக்டர் செய்ய இறங்கியது. பி-275 என்று பெயர். அந்த டீசல் இன்ஜின் ஜீப்புக்கும் பொருந்தும் என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பொருந்தும் என்றால், மாப்பிள்ளைச் சட்டை அண்ணனுக்குப் பொருந்துவது போல. சுத்த வார்ப்பிரும்பு. வைத்த மறுநாள் ஜீப் மூக்கைத் தரையில் உரசியது. முன் பட்டையில் இரண்டு இலை கூட்டினார்கள். பட்டை நிமிர்ந்தது, தாத்தாவின் முதுகு வளைந்தது. சத்தமோ, செக்கானூரணியில் ஸ்டார்ட் பண்ணினால் உசிலம்பட்டியில் காபி போட்டு வைப்பார்கள்.

வேகம்? டிராக்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுப் பக்கம் போனாலே மூச்சு வாங்கும். ஜீப்பின் பின் ஹவுசிங்கில் இருப்பது 5.38 கிரவுன், அதாவது இன்ஜின் ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், டாப் கியரில் 50 கிலோமீட்டருக்கு மேல் அது போக வழியே இல்லை. தாத்தா அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த பஸ்காரர்கள் பொருட்படுத்தினார்கள். கழற்றிய பெட்ரோல் இன்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப்போவதாகச் சொல்லி ஒரு சம்சாரி வாங்கிப்போனார். அதோடு அதன் சரித்திரம் முடிந்தது.

அடுத்த பிறவி பிரெஞ்சுப் பிறவி. மஹிந்திரா 1979-இல் பியூஜோவிடம் உரிமம் வாங்கிய எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் குறுக்களவு, மொத்தம் 2,112 சி.சி. பட்டறைத் தமிழில் 'பிஜோ'. அந்தக் காலத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர்கள் மெட்டடோர் இன்ஜினுக்குப் போனார்கள். ஜீப் வைத்திருந்தவர்கள் பிஜோவுக்குப் போனார்கள். கல்யாணச் சந்தை மாதிரி அதிலும் ஒரு முறை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஜீப்புக்கும் பிஜோ வந்தது. மாமா பொறுப்பேற்றிருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாய் நடந்து, ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் எண்ணை ஏற்றியும் விட்டார். அப்போது அனுமதி வாங்கி மாற்ற வழி இருந்தது. குடும்பத்தில் மாமா உருப்படியாகச் செய்த ஒரே காகித வேலை அதுதான். இருபது வருடம் பிஜோ உழைத்தது. குளிர் காலையில் ஹீட்டர் போட்டு நிதானமாகக் கிளப்ப வேண்டும். மற்றபடி தகராறு இல்லை.

தகராறு 2010-இல் வந்தது. மஹிந்திரா 'தார்' என்று ஒன்றை இறக்கியது. பார்வைக்குப் பழைய ஜீப். பானெட்டுக்குள் காமன் ரெயில் டர்போ டீசல், 105 குதிரை. பட்டறைக்காரன் செய்கிற வேலையைக் கம்பெனியே செய்துவிட்டது. பைபாஸ் ரோட்டில் ஒரு தார் மாமாவை முந்திக்கொண்டு போயிற்று. முந்தியது ஒரு பொடியன். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"மாப்ள, நம்ம வண்டிக்கு என்ன கொறச்சல்? அதே பாடிதானே? ஸ்கார்பியோ இன்ஜினைத் தூக்கி வச்சா, அந்தப் பய நம்ம புகையைத்தானே பார்ப்பான்?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாத்தா முதலில் தூக்கியெறிந்த அந்த ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் 2,199 சி.சி. மாமா ஆசைப்பட்ட ஸ்கார்பியோவின் எம்ஹாக் டீசல் 2,179 சி.சி. இருபது சி.சி. குறைவு. ஆனால் பழையது 75 குதிரையைத் தாண்டாது, புதியது 120. முறுக்குவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எப்படி? கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துருத்தியை இழுக்க ஆள் வைக்காமல், உலைப் புகையே அதைச் சுற்றிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் டர்போ. வெளியேறும் புகை ஒரு காற்றாடியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி புதுக் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் டீசலும் கூட எரியலாம். அந்த டீசலையும் சும்மா ஊற்றுவதில்லை, 1,000 பாருக்கு மேல் அழுத்தி, பனிபோலத் தூவுகிறார்கள். நம் ஜீப் டயர் காற்றின் அழுத்தம் 2 பார்.

விபத்தில் நொறுங்கிய ஒரு ஸ்கார்பியோ கிடைத்தது. பட்டறை ஊருக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடி. இன்ஜினை இறக்குவதற்கு முன்பே பட்டறைக்காரர் தரையில் தார்ப்பாயை விரித்து ஒயரிங்கைப் போட்டார். எனக்கு ராமேஸ்வரத்தில் காய்ந்த மீன்வலை ஞாபகம் வந்தது. பிஜோவுக்கு ஒயர் என்று பார்த்தால் செல்ஃபுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று. இது அப்படியில்லை. கிராங்கில் ஒரு சென்சார், கேமில் ஒன்று, ரெயில் அழுத்தத்துக்கு ஒன்று, உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று, ஆக்சிலேட்டர் பெடலில் கேபிளே கிடையாது, அதிலும் ஒயர். எல்லாம் போய்ச் சேருவது ஒரு தகரப் பெட்டிக்கு. பெயர் ஈ.சி.யூ. பெட்டிக்கு ஒரு சாவி. சாவிக்குள் ஒரு சில்லு. அந்தச் சாவி இல்லாவிட்டால் இன்ஜின் வெறும் இரும்பு.

"ஒரு ஒயர் அறுந்துச்சுன்னா கூட பெட்டி கோவிச்சுக்கிரும்ணே. அம்பதுக்கு மேல போகாது" என்றார் அவர்.

"எங்கப்பா காலத்துலயே அம்பதுதான்யா போச்சு" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. இன்ஜின் உட்கார லேத்தில் ஒரு தகடு கடைந்தார்கள், பழைய கியர் பாக்ஸ் தாங்காது என்று புதியது வந்தது, அதற்கும் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜாதகம் சேரவில்லை. ஜீப்பின் பின் ஹவுசிங்கில் உருண்டை நடுவில் இருக்காது, வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அதை நேர்ப்படுத்தி ஷாஃப்ட் போட்டதில் ஒரு மாதம். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் வைக்க இடமில்லை. கிரில்லின் ஏழு பல்லில் இரண்டைப் பிடுங்கலாமா என்று பேச்சு வந்தபோது அத்தை குறுக்கிட்டு, "மூஞ்சியாவது அப்பா வாங்குனதா இருக்கட்டும்" என்றார். பல் தப்பியது. பிஜோவைப் பட்டறையிலேயே கழிவுக்குக் கொடுத்துவிட்டு மாமா கொஞ்சம் பணம் குறைத்துக்கொண்டார். அந்தத் தொகை எவ்வளவு என்று இன்றுவரை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஐந்தாம் மாதம் வண்டி உறுமியது. நேரே போடி மெட்டுக்கு விட்டோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. தாத்தா டிராக்டர் இன்ஜினில் அங்கங்கே நின்று, இன்ஜினுக்கும் தமக்கும் தண்ணீர் காட்டி ஏறிய மலை. மாமா நிறுத்தாமல் ஏறினார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒதுங்கி வழிவிட்டன. மேலே போய் டீ குடிக்கும்போது மாமா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையே அவர் கிரயம் பண்ணியது போலிருந்தது.

இறங்கும்போதுதான் லாடக்காரன் ஞாபகம் வந்தான். இன்ஜின் 120 குதிரை. பிரேக் 1964. ஒன்பது அங்குல டிரம், பூஸ்டர் கிடையாது, காலால் உதைத்தால் உதைத்த அளவுக்கு நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேண்டிக்கொள்ள வேண்டும். நாலாவது வளைவில் கருகல் வாசனை. ஆறாவதில் பெடல் பலகையைத் தொட்டது. "மாப்ள, பைய இறங்கி ஒரு கல்லைப் பார்றா" என்று மாமா சொன்ன குரலில் பாண்டியன், மார்க்கோ போலோ எல்லாரும் இருந்தார்கள். கியரைக் குறைத்து, மண் திட்டில் உரசி, நான் குதித்து, கல் வைத்து, வண்டி நின்றது. ஒன்றரை மணி நேரம் டிரம் ஆறக் காத்திருந்தோம். தோட்டத்து ஜீப் ஒன்று நிதானமாக எங்களைத் தாண்டி இறங்கியது. அதன் சத்தத்தைக் கேட்டு மாமா காதைத் தீட்டினார். "பிஜோ" என்றார்.

பூஸ்டர், டிஸ்க் என்று அப்புறம் எல்லாம் போட்டாயிற்று. சரியாகிவிட்டது. சரியாகாதது காகிதம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு 2000-இல் இறுகியது. தயாரித்தவர் எப்படிக் கொடுத்தாரோ அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. காஸுக்கோ பேட்டரிக்கோ போனால் அதற்குத் தனி விதி. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாமா விரல்விட்டு எண்ணினார்: இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங். அடுத்த கைக்குப் போகுமுன் அத்தை எண்ணுவதை நிறுத்தச் சொன்னார். சட்டத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆறாவது வளைவில் கல் வைத்தவன் நான்.

இந்த வழக்கும் புதிதல்ல. செத்துக் கிடந்த இடையன் மூலனின் உடம்பில் ஒரு சித்தர் கூடு பாய்ந்தார், திருமூலர் என்கிறோம். மூலன் பெண்டாட்டி விடவில்லை. என் புருஷன் ஆளே மாறிவிட்டார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய் நின்றாள். முதல் எஃப்.சி. இன்ஸ்பெக்ஷன் அதுதான். சித்தர் சரி, பழைய உடம்புக்கே திரும்பிவிடலாம் என்று வைத்த இடத்தில் போய்ப் பார்த்தார். உடம்பைக் காணோம்.

மாமாவின் நிலைமை இன்றைக்கு அதுவே. எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். சேசிஸ் எண் சரியாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண் பிஜோவுடையது. பிஜோவைக் கழிவுக்கு வாங்கிய பட்டறைக்காரர் தேனிப் பக்கம் ஒருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. அதற்கு மேல் தடம் தெரியவில்லை.

ஆகவே போடி, கம்பம், தேவாரம், கோம்பை வட்டாரத்தில் ஜீப் ஓட்டும் அண்ணன்மார் தயவுசெய்து ஒரு தடவை பானெட்டைத் தூக்கிப் பார்க்கவும். எக்ஸ்.டி.பி. 4.90. வால்வு கவரில் பச்சைப் பெயின்ட், ஆயில் சம்பின் இடப்பக்கம் எம்-சீல் வைத்த ஒட்டு, அதன் மேல் பட்டறைப் பையன் ஆணியால் கீறிய ஒரு வேல். இருந்தால் சொல்லியனுப்பவும். மாற்றாக 120 குதிரை இன்ஜின் ஒன்று, சாவியும் சில்லும் சேர்த்துத் தரப்படும். கயிறு மாற்றிக் கொடுத்தால் போதும்.